ஏழாம் எண்ணின் ஈரம்

டிக்கெட்டின் ஓரம் ஈரமாக இருந்தால் எனக்கு அன்றைய நாளே ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் வளர்ந்தேன். டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அம்மா அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். பள்ளியில் கடலை மிட்டாயைப் பங்கு போடுவதென்றால் காக்காக்கடிதான். பாவாடை நுனியால் மிட்டாயை மூடிக் கடித்து, எச்சில் படாமல் பாதியை உடைத்துக் கொடுக்க வேண்டும். துணி நழுவிப் பல் பட்டுவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். இப்படி வளர்ந்தவளுக்கு ஒத்தக்கடை மினி பஸ்ஸில் கண்டக்டராக வாய்த்தவள் செல்லத்தாயி.

அந்த பஸ்ஸில் கார்டு தட்டும் மெஷின் உண்டு. மாதத்தில் பாதி நாள் அது வேலை செய்யாது. அப்போதெல்லாம் செல்லத்தாயி தோள்பையிலிருந்து பழைய டிக்கெட் கட்டை எடுப்பாள். ஆள்காட்டி விரலால் நாக்கு நுனியை ஒரு தொடு தொடுவாள். சரக்கென்று ஒரு டிக்கெட் கிழிந்து வரும். ஈரம் படாத மூலையாகப் பார்த்து, இரண்டு நகங்களால் அதைக் கிள்ளி வாங்குவேன். லேப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான்.

என் பெயர் சாருமதி. பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்குகிறேன். விஞ்ஞானி இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஒரு செல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படும் எந்த விஞ்ஞானியும் என்னிடம்தான் வர வேண்டும். திசுத் துணுக்கைப் பிசினில் உறைய வைத்து வைரக் கத்தியால் சீவுவேன். ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரம் ஏடாகப் பிரித்தால் ஓர் ஏடு எவ்வளவு மெல்லிசாக இருக்குமோ, அவ்வளவு மெல்லிசு. அதில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் திரையில் ஓர் ஊரே தெரியும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

என் மகள் யாழிக்கு ஆறு வயது. அவளுடைய செல்களுக்குத் தங்கள் குப்பையைக் கரைக்கத் தெரியாது. அதற்கு வேண்டிய ஒரு நொதி பிறவியிலேயே இல்லை. குப்பை சேரச் சேரச் செல்கள் உப்பிச் செயலிழக்கும். நான்கு வயதில் படி ஏறத் திணறினாள். ஐந்தில் பென்சில் கையை விட்டு நழுவியது. அடுத்து விழுங்குவது நிற்கும், பிறகு மூச்சு. பத்து வயதுக்கு மேல் என்ன என்று கேட்டால் டாக்டர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அந்த நொதியைத் தொழிற்சாலையில் செய்து பார்த்தார்கள். ஊசியில் ஏற்றினார்கள். ஒரு பயனும் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குப் புரியும்படி சொன்னவர் டாக்டர் நஸ்ரின். இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆய்வின் தலைவர். என்னைவிட நான்கு வயது சின்னவர், என்னைவிட நாற்பது மடங்கு பொறுமைசாலி.

“சாரு, அதே பருப்பு, அதே புளி, அதே பொடி. உங்க வீட்டு சாம்பாரும் எங்க வீட்டு சாம்பாரும் ஒரே ருசியா இருக்குமா?”

“இருக்காது மேடம்.”

“ஏன்?”

“கைப்பக்குவம்.”

“அதேதான். ஜீன்ல எழுதியிருக்கிறது சாமான் லிஸ்ட் மட்டும்தான். அதை வச்சுப் புரதம் வந்துடும். ஆனா அது மேல சர்க்கரையைக் கோக்கணும். எந்த இடத்துல, எத்தனை கிளை, எது முன்னாடி எது பின்னாடின்னு எந்த ஜீன்லயும் வரி வரியா எழுதல. செல்லுக்குள்ள கோல்கைன்னு ஒரு அடுக்குப் பை இருக்கு, அதுதான் அதைப் பாத்துப் பாத்துச் செய்யுது. அந்தச் சர்க்கரைதான் நொதியோட விலாசம். விலாசம் சரியா இருந்தா குழந்தையோட செல் கதவைத் திறந்து உள்ள வாங்கிக்கும். இல்லன்னா ரத்தத்துல சும்மா சுத்திட்டு ஈரலுக்குப் போய் அழிஞ்சிடும்.”

“தொழிற்சாலைச் செல்லுக்கும் கோல்கை இருக்குமே?”

“இருக்கு. கைப்பக்குவம் இல்ல. அதனால மனுஷச் சுரப்பிகிட்டயே கேட்டுப் பாக்கப் போறோம்.”

“எந்தச் சுரப்பி?”

“உமிழ்நீர்ச் சுரப்பி. சுரக்கிறதுக்குன்னே பொறந்த செல்லுங்க. ஜீனை மட்டும் உள்ள வச்சுட்டா, நாள் முழுக்கச் செஞ்சு வாய் வழியா வெளிய அனுப்பிடும். கன்னத்துக்குள்ள ஒரு சின்னக் குப்பியை ஒட்டிச் சேகரிச்சுக்கலாம். அப்புறம் சுத்தப்படுத்தி ஊசியில ஏத்தலாம்.”

என் முகம் எப்படிப் போனதோ, நஸ்ரின் சிரித்துவிட்டார்.

தங்கள் சுரப்பியில் அந்த ஜீனை வைத்துக்கொள்ளப் பதினோரு பேர் முன்வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மருந்து பெறப்போகும் பன்னிரண்டு குழந்தைகளில் யாழியும் ஒருத்தி. பெற்றோர்களைக் கூட்டி வைத்து விளக்கியபோது ஒரு தகப்பனார் எழுந்து, “குடுக்கிறவங்க எந்தப் பக்கத்து ஆளுங்க டாக்டர்?” என்று கேட்டார். அவர் கேட்டது திசையை இல்லை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

“பதினெட்டு வயசு முடிஞ்ச, வெத்தலை போடாத பக்கத்து ஆளுங்க,” என்றார் நஸ்ரின்.

ஒருவர் பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். முதல் ஊசி போட்ட வியாழக்கிழமை திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்தார். ‘எச்சில் ஊசி’ என்று பெற்றோர்களுக்குள் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நான் அந்தத் தகப்பனாரைப் போல வாய் திறந்து கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் இதில் இருக்கும்போது நானே மாதிரிகளைப் பார்க்கலாமா என்று நஸ்ரினிடம் கேட்டேன். “நீங்க நம்பரைத்தானே பாக்கப் போறீங்க. இங்க வேற மைக்ராஸ்கோப்பும் இல்ல, வேற சாருவும் இல்ல. உங்களை நம்புறேன்,” என்றார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவர் சுரப்பியிலிருந்தும் ஊசிமுனை அளவு திசு வரும். ஏழாம் எண்ணின் முதல் மாதிரியை வைத்த காலையை நான் மறக்கவே மாட்டேன்.

சுரப்பி செல்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே உட்கரு, உருண்டையாக. அதைச் சுற்றிப் புரதம் பிறக்கும் மடிப்புகள். அதற்கு மேலேதான் கோல்கை. தட்டையான பைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, டிபன் கேரியர் அடுக்கு மாதிரி இருக்கும், ஆனால் லேசாக வளைந்து. சரக்கு அடித்தட்டில் வந்து சேரும். தட்டுக்குத் தட்டு மேலே ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் ஒரு சர்க்கரை சேரும், ஒன்று வெட்டப்படும், இன்னொன்று ஒட்டப்படும். மேல்தட்டின் விளிம்பில் மொட்டு விட்டு, குமிழாகக் கழன்று, கருத்த மணிகளாகச் செல்லின் உச்சியில் போய்க் காத்திருக்கும். வாயில் எலுமிச்சை பட்டால் போதும், மணிகள் திறந்துகொள்ளும்.

மற்ற பத்துப் பேருக்கும் நாலு தட்டு, ஐந்து தட்டு இருந்தன. ஏழாம் எண்ணுக்கு ஒன்பது. எண்ணினேன். நம்பாமல் இன்னொரு செல்லில் எண்ணினேன். அங்கேயும் ஒன்பது. திரை முழுக்க அடுக்கடுக்காக, ஒரு விளிம்புகூடக் கசங்காமல், ஓர் எறும்பின் கண்ணில் கோடியில் ஒரு பங்கு இடத்துக்குள் இத்தனை ஒழுங்கு. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்துகொண்டு பார்ப்பது மரியாதையாகப் படவில்லை.

நான் வியந்தது சரிதான் என்று மருந்தும் சொன்னது. பத்துப் பேரின் நொதியைக் குழந்தைகளின் செல் ஏற்கவில்லை. ஏழாம் எண்ணின் நொதியை ஏற்றது. அதன் பிறகு பன்னிரண்டு குழந்தைகளுக்கும் ஏழாம் எண் மட்டும்தான். மூன்றாவது மாதம் யாழி பென்சிலைப் பிடித்து ஒரு யானை வரைந்தாள். தும்பிக்கை இரண்டு இருந்தது. நான் திருத்தவில்லை.

ஒரு நாள் காலை பஸ் வளைவில் திரும்பியபோது செல்லத்தாயியின் பையிலிருந்து ஒரு நீல அட்டை நழுவி என் காலடியில் விழுந்தது. ஆய்வு மருத்துவமனையின் அட்டை. நடுவில் பெரிதாக 7 என்று அச்சிட்டிருந்தது. அவள் காதுக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அட்டையை எடுத்துக் கொடுத்தேன். “தேங்ஸ் மேடம்,” என்று சொல்லிவிட்டு, விரலால் நாக்கைத் தொட்டு அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்தாள்.

அன்று லேபில் கை கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். மாதக்கணக்கில் நான் சோப்பு போட்டு விரட்டியதும், வியாழன் தோறும் என் மகளின் ரத்தத்தில் ஏறுவதும் ஒரே வாயிலிருந்து வந்தது. தெரிந்தும் கழுவினேன். பழக்கம் அப்படி.

நான்காவது மாதத்தில்தான் அது வந்தது. ஏழாம் எண்ணின் எட்டாவது மாதிரி. திரையில் அடுக்குகளைக் காணவில்லை. பைகள் ஊதிப் பெருத்து, பிய்ந்து, செல் முழுவதும் சிதறிக் கிடந்தன. டிபன் கேரியரை மாடிப்படியில் தவறவிட்டது போல இருந்தது. உச்சியில் இருக்க வேண்டிய கருத்த மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. அளவுக்கு மேல் வேலை வாங்கிய சுரப்பி குலைந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் செல்கள் சாகும். செத்தால் அந்த வாய் ஆயுசுக்கும் காய்ந்துபோகும்.

இதை நான் எழுதிக் கொடுத்தால் மருந்து எடுப்பதை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். யாழியின் ஊசி நிற்கும்.

திசுவைப் பதப்படுத்தியதில் ஏதாவது தவறு நடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கோல்கையைக் கண்டுபிடித்த காலத்திலிருந்தே, அப்படி ஒன்று இல்லை, அது வெறும் சாயக் கறை என்று அரை நூற்றாண்டு வாதாடியவர்கள் உண்டு. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்துதான் அந்த வழக்கை முடித்தது. அவர்கள் விட்டுப்போன சாக்கை, அதே மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து நான் தூசி தட்டி எடுத்தேன்.

ஒரு துணுக்கில் நூற்றுக்கணக்கான செல்கள் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் கெடாது. தேடினால் நல்லது கிடைக்கும். இருபது நிமிடத்தில் நான்கு நல்ல செல்கள் கிடைத்தன. அந்த நான்கையும் படமெடுத்து அனுப்பினேன். படம் பொய் இல்லை. பொறுக்கியெடுத்ததுதான் பொய்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். மெஷின் வேலை செய்தது. “கார்டு எடுத்துட்டு வரல, டிக்கெட்டே குடுங்க,” என்றேன். விரல் உதட்டுக்குப் போனது, பைக்குப் போனது, டிக்கெட் வந்தது. ஓரம் ஈரமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. வாய் காய்ந்தவளுக்கு ஈரம் எங்கிருந்து வரும்? நன்றாகத்தான் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆய்வுப் படிவத்திலும் ‘வாய் உலர்வு உண்டா?’ என்ற கேள்விக்கு ஏழாம் எண் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருப்பதாக நஸ்ரின் சொன்னார். அதன் பிறகு தினமும் டிக்கெட் கேட்டு வாங்கினேன். வாழ்நாள் முழுக்க வெறுத்த ஈரத்தைக் காலையில் முதலில் தேடுகிறவளாக ஆனேன்.

அடுத்த மாதிரியில் இரண்டு நல்ல செல் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அதையும் அனுப்பினேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு யாழியோடு பஸ்ஸில் திரும்பினேன். யாழி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். செல்லத்தாயியின் தோள்பை சரியாக அவள் கண்ணுக்கு நேரே தொங்கியது. டிக்கெட் வாங்கியதும் என் முந்தானையை இழுத்தாள்.

“அம்மா, கண்டக்டர் அத்தை நாக்கைத் தொடவே இல்ல.”

“தொட்டாங்களே.”

“தொடுற மாதிரி சும்மா காட்டுறாங்க. பைக்குள்ள பஞ்சு வச்சிருக்காங்க. பச்சைக் கலரு. தண்ணியில நனைச்சது. அதைத்தான் தொடுறாங்க.”

என் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தேன். ஈரம். வெறும் குழாய்த் தண்ணீர். ஒரு மாதமாக என் பொய்யைத் தாங்கிப் பிடித்திருந்தது அதுதான்.

எங்கள் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. யானைமலைக்குக் கீழே கடைசி நிறுத்தத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். டிரைவர் டீ குடிக்கப் போனார். வண்டியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

“உங்களுக்கு வாய் காஞ்சுபோச்சு,” என்றேன்.

செல்லத்தாயி டிக்கெட் கட்டைப் பைக்குள் போட்டு மூடினாள். “யாரு சொன்னா?”

“நானே பாத்தேன். உங்க சுரப்பியை மைக்ராஸ்கோப்ல பாக்குறது நான்தான். ஒரு மாசமா எல்லாம் உடைஞ்சு கெடக்கு. நான் மறைச்சுட்டேன். நல்ல படமா பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்தேன்.” யாழியைக் காட்டினேன். “சொன்னா இவளுக்கு ஊசி நின்னுரும்.”

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே திருட்டத்தான் பண்ணிருக்கோம். ஃபாரத்துல வாய் காயுதான்னு கேப்பாக. இல்ல, இல்லன்னே எழுதிக் குடுத்துக்கிட்டு வாரேன். உங்க கழுத்துல தொங்குற அட்டையப் பாத்து, நீங்களும் அந்த ஆராய்ச்சிக்காரவுகதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்காகத்தான் இந்தப் பஞ்சு.”

“எதுக்குங்க? உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“எனக்கு என்ன வந்துச்சா?” அவள் குரலில் முதல்முறையாகக் கோபம் வந்தது. “வியாழக்கெழமை ஆனா அந்தப் பிள்ளைக அம்புட்டும் என் வண்டியிலதான வருதுக. போன சித்திரையில இந்தப் பாப்பாவ நாந்தான தூக்கி ஏத்திவிட்டேன்? இப்ப கம்பியப் புடிச்சுத் தானா ஏறுது. அதக் கண்ணால பாத்துட்டு, வாய் காயுதுன்னு எழுதச் சொல்றீகளா?”

“ரொம்பக் கஷ்டமா இருக்கா?”

“சோறு மணலு மாதிரி இருக்கு. முன்னெல்லாம் மென்னா இனிக்கும்ல, அது இல்ல. தண்ணி ஊத்தித்தான் முழுங்குறேன். ஸ்டாப் பேரச் சொல்லிக் கத்துனா நாக்கு மேல ஒட்டிக்கிது.” பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “நீங்க டிக்கெட்ட நகத்துல கிள்ளி வாங்குறதும் எனக்குத் தெரியும் மேடம். பஞ்சு வச்ச பெறகு அது வெறும் தண்ணிதான். அப்பவும் நகந்தான்.”

என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். பழக்கத்தில் அதை அண்ணாந்து தூக்கி ஊற்றினாள். வறண்ட தொண்டையில் தண்ணீர் சிக்கிப் புரையேறியது. “வாய் வச்சே குடிங்க,” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய் வைத்துக் குடித்தாள். திருப்பிக் கொடுத்ததை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நானும் அதிலேயே குடித்தேன் என்று எழுத ஆசைதான். குடிக்கவில்லை.

“எனக்குள்ள அப்பிடி என்னதான் இருக்கு? அதக் காட்டுங்க,” என்றாள்.

போனில் அந்த முதல் படம் இருந்தது. காட்டினேன். கோல்கை என்றால் என்ன என்று சொன்னேன். அடித்தட்டில் சரக்கு ஏறுவதை, தட்டுக்குத் தட்டு சர்க்கரை ஒட்டுவதை, மேல்தட்டில் விலாசத்தோடு கிளம்புவதை எல்லாம் சொன்னேன். யாழியும் தலையை நுழைத்துப் பார்த்தாள்.

“பின்வாசல்ல ஏறி முன்வாசல்ல எறங்குது. நடுவுல டிக்கெட்டு,” என்றாள் செல்லத்தாயி.

“ஆமா.”

“டிக்கெட்டு இல்லைன்னா?”

“பிள்ளையோட செல் உள்ள விடாது. எறக்கி விட்டுரும்.”

“மத்தவுக கிழிச்ச டிக்கெட்டு செல்லல. நான் கிழிச்சது செல்லுது.”

“அவங்களுக்கு நாலஞ்சு தட்டு. உங்களுக்கு ஒம்பது.”

“ஒம்பதா?” விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவள் முகத்தில் வந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அன்று காலை நாற்காலியை விட்டு எழுந்தபோது என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். “இத்தன நாளா இது எனக்குள்ள இருந்திருக்கு. ஒருத்தரும் சொல்லல பாருங்க.”

பிறகு இப்போதைய படத்தையும் காட்டச் சொன்னாள். காட்டினேன். சிதறிக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தாள். “பாவம்,” என்றாள். தன்னைச் சொல்லவில்லை, அதைச் சொன்னாள். “போய்ச் சொல்லிருங்க மேடம். நானும் வாரேன். ரெண்டு திருடியும் சேந்தே போவோம்.”

செல்லத்தாயியை இதுவரை அவள் இவள் என்றே எழுதிவிட்டேன். இனி அப்படி எழுத வரவில்லை.

நஸ்ரின் எங்கள் இருவரையும் உட்கார வைத்து முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “சாருமதி,” என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “ஏழாம் எண்ணோட சேகரிப்பு இன்னையோட நிக்குது. இனி ஒவ்வொரு மாதிரியையும் நான் பக்கத்துல உக்காந்துதான் நீங்க பாக்கணும்.” அன்றிலிருந்து நான் அவருக்குச் சாரு இல்லை.

“சுரப்பி பிழைக்குமா மேடம்?”

“தெரியல. செல் செத்திருந்தா முடிஞ்சுது. உயிரோட இருந்தா அதுகிட்டதான் கேக்கணும்.”

ஆறு வாரம் ஊசி இல்லை. மூன்றாவது வாரம் யாழியின் பென்சில் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. “கை தூங்குது அம்மா,” என்றாள். ஒசூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். நான் செய்ததைச் சொன்னேன். “நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன்,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. ஐந்தாவது வாரம் இட்லியை விழுங்கும்போது இருமினாள். அந்த இருமலை நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆறாவது வாரம் ஏழாம் எண்ணின் மாதிரி வந்தது. நஸ்ரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கற்றையைத் திறந்தேன்.

முதல் செல்லில் சிதறல்தான். இரண்டாவதிலும் அதுவேதான், ஆனால் துண்டுகள் முன்போல எங்கெங்கோ கிடக்கவில்லை. எல்லாம் உட்கருவுக்கு மேலே, பழைய இடத்தைத் தேடி வந்து குவிந்திருந்தன. மூன்றாவது செல்லில் இரண்டு பைகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன. நான்காவதில் ஐந்து தட்டு. ஐந்தாவது செல்லை நடுவுக்குக் கொண்டுவந்தேன். எண்ணினேன். நஸ்ரின் உதடு அசையாமல் தானும் எண்ணினார்.

ஒன்பது.

யாரும் பொறுக்கி அடுக்கவில்லை. எந்த ஜீனிலும் இந்தத் துண்டு இங்கே, அந்தத் துண்டு அங்கே என்று வரைபடம் இல்லை. கொஞ்சம் ஓய்வு கொடுத்தோம், அவ்வளவுதான். உடைந்ததெல்லாம் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, வரிசை மாறாமல், தலைகீழாகத் திரும்பாமல் அடுக்கிக்கொண்டது. மேல்விளிம்பில் ஒரே ஒரு கருத்த மணி புதிதாகக் கழன்று நின்றது. நான் அழுதேன். நஸ்ரின் மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். அப்போதும் சாரு என்று கூப்பிடவில்லை.

புதிய ஏற்பாடு முடிவானது. பதினைந்து நாள் சேகரிப்பு, ஒரு மாதம் ஓய்வு. கிடைப்பதைப் பன்னிரண்டு குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். “பாதி டோஸ்கூட வராது. ஓடமாட்டாங்க, சாருமதி. விழுங்குவாங்க, பேசுவாங்க, கையைப் பிடிச்சா நடப்பாங்க. அதுக்குள்ள இன்னொரு ஒன்பது தட்டு ஆளைத் தேடணும்,” என்றார் நஸ்ரின்.

செல்லத்தாயியிடம் மறுபடி சம்மதம் கேட்டார்கள். “வீக் ஆஃப் இல்லாம வேல வாங்குனா எந்த வண்டியும் ஒக்காந்துதான் போகும். இத மொதல்லயே என்னையக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?” என்றாராம்.

ஊசி மறுபடி தொடங்கிய வியாழக்கிழமை. யாழியால் படி ஏற முடியவில்லை. செல்லத்தாயி இறங்கி வந்து, சித்திரையில் தூக்கியது போலவே தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். மெஷின் வேலை செய்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே டிக்கெட் கட்டை எடுத்தார். விரலை நாக்கு நுனியில் ஒரு தொடு தொட்டார். சரக்கென்று கிழித்து நீட்டினார்.

நான் ஐந்து விரலாலும் வாங்கினேன். ஓரம் ஈரமாக இருந்தது. ஆனாலும் ஒருமுறை ஏமாந்தவள், எனக்குச் சந்தேகம் போகவில்லை. யாழி தன் கண்ணுக்கு நேரே தொங்கிய பைக்குள் எட்டிப் பார்த்தாள். நன்றாகத் தேடினாள்.

“பஞ்சு இல்லம்மா!” என்று வண்டிக்கே கேட்கும்படி கத்தினாள்.

செல்லத்தாயி சிரித்துவிட்டு, “ஆஸ்பத்திரி ஸ்டாப்பெல்லாம் முன்னாடி வாங்க!” என்று குரல் கொடுத்தார். குரல் கணீரென்று இருந்தது.

ஊசி முடிந்து யாழியை வீட்டில் அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன். மாதிரியைத் தொடும் முன் கை கழுவ வேண்டும் என்பது விதி, அதை மீற முடியாது. டிக்கெட்டை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. ஓரத்தில் விரல் பட்ட இடம் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் எழுந்து போய்க் கழுவினேன்.